மாமா வரைந்து அனுப்பிய ஊர்கள்

முதல் நாள்: காட்பாடி – பெங்களூரு

காட்பாடியில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் வந்து நின்றதும் அத்தை என்னை முந்திக்கொண்டு ஏறிவிட்டார். முழங்கால் அறுவை சிகிச்சை செய்தவர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மடியில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் பழைய கடிதங்கள் இருப்பது வாணியம்பாடி தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மாமா, அதாவது என் கணவரின் அப்பா, போன வருஷம் ஆடியில் காலமானார். மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் ஹவில்தாராக இருந்து 1981-ல் ஓய்வு பெற்று, அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்குக் குடியாத்தம் பக்கத்தில் தச்சு வேலை பார்த்தவர். இந்த வருஷம் திவசம் முடிந்த மறுநாள், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அத்தை சொன்னார்: "பெங்களூர்ல நாங்க இருந்த குவாட்டர்சை ஒரு வாட்டி பாக்கணும்மா. அப்புறம் பாம்பன்." என் கணவருக்கு மஸ்கட்டிலிருந்து லீவு கிடைக்கவில்லை. ஆகையால் மாமியாரும் மருமகளும் கிளம்பிவிட்டோம். ஆடி அமாவாசைக் கூட்டம் வடியட்டும் என்று ஆகஸ்ட் வரை காத்திருந்ததோடு சரி, வேறு திட்டம் எதுவும் போடவில்லை.

எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது புதிதில்லை. வேலூரை ஒட்டிய கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. 1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவத்துக்கு வேகமாக ஆள் எடுத்தார்கள். மாமா சேர்ந்தது 1963-ல். அதற்கு முன்பு ஒரு மரவாடியில் ரம்பம் இழுத்துக்கொண்டிருந்தாராம். 'என்ன வேலை தெரியும்?' என்று கேட்டதற்கு 'மரம் அறுப்பேன்' என்றிருக்கிறார். கார்பென்டர் டிரேடில் போட்டுவிட்டார்கள். சாப்பர் என்றால் துப்பாக்கி பிடிக்கத் தெரிவது போதாது. பாலம் கட்டவும் கண்ணிவெடி எடுக்கவும் பாதை போடவும் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு மேல் கைத்தொழில் ஒன்றும் இருக்க வேண்டும்: தச்சன், கொத்தன், கொல்லன், பிட்டர் என்று ஏதாவது ஒன்று. மாமா உளி பிடித்து உட்காரப் பழகியது அங்கேதான். ஊரில் ஆசாரி குடும்பத்தில் பிறக்காத ஒருவன் அதைப் பழகியிருக்க வழியே இல்லை.

ஓய்வு பெற்று வந்த பிறகு அதுவே சிக்கலாகவும் ஆகியிருக்கிறது. ஜன்னல் செய், கட்டில் செய், பெஞ்சு செய் என்று கூப்பிடுவார்கள். வாசல் நிலை வைப்பதற்கு மட்டும் கூப்பிடமாட்டார்கள். நிலை வைக்கும் நாளில் வேட்டி துண்டும் வெற்றிலைபாக்கும் குலத்தொழில்காரருக்குத்தான் போக வேண்டும் என்பது ஊர்ப் பெரியவர்களின் கணக்கு. மாமா செய்த நிலைக்குப் பொட்டு வைக்க வேறு ஒருவர் வந்து நின்ற வீடுகள் உண்டு. "அவருக்கு அதுல வருத்தம் இல்லியா அத்தை?" என்று கேட்டேன். "இருக்காம இருக்குமா? சொல்லமாட்டாரு. அன்னிக்கு ராத்திரி இழைப்புளிய தீட்டிக்கினே இருப்பாரு." பிறகு பத்து வருஷத்தில் அவர் பெயரே 'மிலிட்டரி ஆசாரி' ஆகிவிட்டது. மூலைமட்டமும் ரசமட்டமும் வைக்காமல் ஒரு சட்டத்தைக்கூட நிறுத்தமாட்டார் என்று ஊருக்குத் தெரிந்ததும் நிலைக்கும் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

குப்பம் வரும்போது அத்தை மஞ்சப்பையைத் திறந்தார். நீல இன்லேண்டுகள், ராணுவத் தபால் முத்திரை குத்தினவை. நான் எழுத்தைத் தேடினேன். எழுத்தே இல்லை. எல்லாம் படங்கள்.

1969-ல் கல்யாணம் ஆனபோது அத்தைக்குப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் தபால்காரரோ பக்கத்து வீட்டுப் பையனோ படித்துச் சொல்ல வேண்டும். புருஷன் பெண்டாட்டிக்கு எழுதுவதை இன்னொருவர் உரக்கப் படிப்பதா என்று மாமாவுக்குக் கூச்சம். அதனால் வரைந்து அனுப்பியிருக்கிறார். கூடாரம், கம்பளி, பெரிய மூக்குள்ள ஒரு சமையல்காரர், ஆறு பேர் தூக்கிப் போகும் ஒரு இரும்புச் சட்டம். ஒரு கடிதத்தில் பனி மலையும் அதன் அடியில் கடுகு போல ஒரு ஆளும் இருந்தார்கள். அந்த ஆள் கையில் மல்லிகைப்பூ. அங்கே மல்லிகை ஏது என்று கேட்டேன். "அதெல்லாம் கேக்கக் கூடாது" என்று அத்தை அதை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

பகல் ஒரு மணி சுமாருக்குக் கண்டோன்மென்டில் இறங்கினோம். அல்சூரில் அறை.

இரண்டாம் நாள்: அல்சூர்

காலையில் சோமேஸ்வரர் கோயில். அத்தைக்குத் தூண்களைப் பார்க்க நேரமில்லை, பிரகாரத்தை ஒரு சுற்று சுற்றியதும் "ஏரிக்குப் போலாம்" என்றார். கோயிலுக்கு வெளியே பூக்காரம்மாவிலிருந்து ஆட்டோக்காரர் வரை தமிழ்தான். கண்டோன்மென்ட் வந்த காலத்திலிருந்து இந்தப் பக்கம் இப்படித்தான். மாமாவுக்குக் கன்னடம் வராமலே மூன்று வருஷம் ஓடியது எப்படி என்பது விளங்கியது.

ஏரியை ஒட்டித்தான் மாமாவின் படையான மதராஸ் பொறியாளர் குழுவின் மையம், ஊர்க்காரர்கள் சொல்வது எம்.இ.ஜி. 1780 செப்டம்பர் 30-ல் மதராஸ் பயோனியர்ஸ் என்று தொடங்கிய படை. முள்கம்பி வேலிக்கு அடியில் குழாய் குழாயாக நீட்டி வெடிக்க வைக்கும் 'பெங்களூர் டார்பிடோ'வை 1912-ல் மெக்கிளின்டாக் என்ற கேப்டன் உருவாக்கியது இந்தப் படையில்தான். இரண்டாம் உலகப் போரில், பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் 1944-ல் அதைப் பயன்படுத்தினார்கள். அதே வருஷம் இத்தாலியில், கண்ணிவெடி வெடிக்கப் போகிறது என்று தெரிந்ததும் அதன் மேல் தன் உடம்பைப் போட்டுக் கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்ட சுபேதார் சுப்பிரமணியன் நம் காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருதைக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் இவர் பெயரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வாசலில் நின்ற சிப்பாய் முதலில் இந்தியில் கேட்டார். அத்தை மாமாவின் பழைய டிஸ்சார்ஜ் புக்கையும் தன் அடையாள அட்டையையும் நீட்டியதும் குரல் மாறியது. "எந்த ஊரும்மா?" "குடியாத்தம் பக்கம்பா." "நான் திருப்பத்தூர். உக்காருங்கம்மா, ஐயாகிட்ட கேட்டுட்டு வர்றேன்." இந்தப் படையில் சிப்பாய்களை 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள், வெள்ளைக்கார அதிகாரிகளும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அத்தை அந்தப் பையனை வாய் நிறையத் தம்பி என்றார். அவருக்கு எல்லாரும் தம்பிதான், இருந்தாலும் அங்கே அந்தச் சொல் பொருத்தமாக விழுந்தது.

போன்களை வாங்கி வைத்துக்கொண்டு, கூட ஒருவரை அனுப்பினார்கள். உள்ளே பார்த்ததை எழுதப் போவதில்லை, அது எழுதுவதற்கான இடமும் இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: குவாட்டர்ஸ் இல்லை. அந்த வரிசையையே இடித்து எப்போதோ வேறு கட்டடம் எழுப்பியிருந்தார்கள். அத்தை அதை எதிர்பார்த்தே வந்திருந்தார் போல. கொஞ்ச நேரம் திசை பார்த்தார். "இங்க குழாய். இங்க அடுப்படி. அந்தப் பக்கம் ஒரு மலையாளத்துப் பொம்பளை. கருவேப்பிலை குடுப்பா" என்று அஸ்பால்ட் மேல் நடந்துகாட்டினார். கூட வந்த ஹவில்தார் கடிகாரத்தைப் பார்க்காமல் நின்றது அவருடைய நல்ல குணம்.

1974 முதல் 77 வரை மாமாவுக்கு இங்கே பணிமனையில் பயிற்சி கொடுக்கும் வேலை. பதினெட்டு வருஷ சர்வீசில் குடும்பத்தோடு இருந்தது இந்த மூன்று வருஷம்தான், மற்றதெல்லாம் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத இடங்கள். இங்கே இருந்தபோதுதான் அத்தைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பலகைத் துண்டில் உளியால் அ, ஆ செதுக்கி, விரலால் தடவிப் பழகச் சொன்னாராம். இன்றைக்கும் அத்தை கையெழுத்துப் போடும்போது பேனாவை உளி போல அழுத்துவார், பேங்கில் படிவம் கிழியும். படிக்கக் கற்றதும் இன்னொன்று நடந்தது: 77-க்குப் பிறகு வந்த கடிதங்களில் படம் இல்லை. வெறும் எழுத்து. "நலம். பணம் அனுப்பியுள்ளேன். பையனை அடிக்காதே." அத்தைக்கு அது பெரிய குறை. "படிக்காமயே இருந்திருக்கலாம்" என்று அவர் சொன்னது பாதி விளையாட்டுதான்.

சாயங்காலம் ஏரிக்கரையில் உட்கார்ந்து 1971 கடிதங்களைத் தேடினேன். டிசம்பரில் ஒன்றும் இல்லை. ஜனவரியில் ஒன்று, அதில் படமும் இல்லை. யாரோ எழுதிக்கொடுத்த இரண்டு வரியும் கீழே மாமாவின் கையெழுத்தும்தான்.

பாகிஸ்தானோடு போர் நடந்த அந்த டிசம்பரில் அவர் மேற்கு எல்லையில், ஷகர்கர் பகுதியில் இருந்தார். பசந்தர் ஆற்றைக் கடந்து நம் டாங்கிகள் போக வேண்டும். கரையெங்கும் பாகிஸ்தான் புதைத்த கண்ணிவெடி. டிசம்பர் 15 ராத்திரி சாப்பர்கள் குண்டு மழைக்கு நடுவே பாதை திறந்துகொண்டிருந்தார்கள். வேலை முழுக்க முடியும் முன்பே டாங்கிகள் உள்ளே இறங்க வேண்டியதாயிற்று. மறுநாள் நடந்த டாங்கிச் சண்டையில்தான் இளம் அதிகாரி அருண் கேதர்பால் 21 வயதில் இறந்து பரம்வீர் சக்ரா பெற்றார். அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும், தெரிய வேண்டியதுதான். அவர் டாங்கி போக மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்தவர்களில் எங்கள் மாமாவும் ஒருவர். வீட்டில் அவர் இதைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஒரே வாக்கியம்: "கம்பியை நேரா குத்தக் கூடாது, சாய்ச்சிக் குத்தணும்." நேராகக் குத்தினால் வெடியின் தலையில் படும், சாய்த்துக் குத்தினால் பக்கத்தில் தட்டும். முப்பது டிகிரி என்று கையால் காட்டுவார். என் மகன் 'அப்புறம் தாத்தா?' என்று கேட்டால் 'அப்புறம் டீ குடிச்சோம்' என்பார்.

இரவு மைசூரு – தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் பிடித்தோம்.

மூன்றாம் நாள்: மதுரை – பாம்பன்

மதுரையில் இட்லி. மீனாட்சியைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் அத்தை. திரும்பும்போதும் பார்க்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

ராமேஸ்வரத்துக்கு ரயிலிலேயே போகலாம் என்றேன். அத்தைக்கு வேண்டாம். ரயிலில் போனால் பாலத்தின் மேல் இருப்போம், பாலத்தைப் பார்க்க முடியாது என்றார். நியாயம். பஸ்ஸில் போய்ப் பாம்பன் சாலைப் பாலத்தில் இறங்கினோம். 1988-ல் இந்தச் சாலைப் பாலம் திறக்கும் வரை தீவுக்குப் போக ரயிலும் படகும்தான் வழி. அவர்கள் இருவரும் வந்தது 1982-ல், ஓய்வு பெற்று வீடு கட்டி முடித்த கையோடு. கோயிலுக்கு அரை நாள், பாலத்துக்கு இரண்டு நாள். தூக்குப் பாலம் திறப்பதை அத்தைக்குக் காட்ட வேண்டும் என்று மாமா கரையில் உட்காரவைத்திருக்கிறார். கப்பல் வரவில்லை. முறுக்கு தீர்ந்துபோனதும் கிளம்பிவிட்டார்கள்.

அங்கிருந்து இரண்டு ரயில் பாலங்களும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. பழையது 1914-ல் திறந்தது. நடுவில் இரண்டு இரும்புக் கைகளாகப் பிளந்து மேலே எழும், ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் கண்டுபிடித்த முறை, ஆட்கள் கையால் நெம்பித் திருகித் திறப்பார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த அன்று பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவற்றைக் கடல் கொண்டுபோனது. நடுவில் இருந்த அந்தத் தூக்குப் பகுதி மட்டும் நின்றது. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் மறுபடி ரயில் விட்டார்கள். கடலுக்குள் கிடந்த கர்டர்களை மீனவர்கள் காட்டிக்கொடுக்க, தூக்கி எடுத்துப் பூட்டினார்கள். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. புதியது 2025 ஏப்ரலில் திறந்தது. அதன் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி பிளக்காமல் அப்படியே லிப்ட் போல மேலே போகும்.

காற்றில் நிற்கவே முடியவில்லை. பக்கத்தில் கோயமுத்தூரிலிருந்து வந்த சிவில் படிக்கும் பையன்கள் நாலு பேர் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன், தண்ணீருக்கு நடுவில் தூண் இல்லாமல் பாலம் கட்ட முடியாது என்று இன்னொருவனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அத்தை திரும்பினார்.

"ஏன் முடியாது? பெய்லி கட்டலாமே."

பையன்கள் சிரித்தார்கள், மரியாதையாகத்தான். அத்தை சாலைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தார். பத்து அடி நீள இரும்புச் சட்டம் ஒரு பேனல். ஆறு பேர் தூக்குவார்கள், அதுக்கு மேல கனம் இருக்காது. ஒன்றோடு ஒன்றைப் பின் அடித்துக் கோக்க வேண்டும். குறுக்கே டிரான்சம் என்ற இரும்பு உத்திரம், அதன்மேல் நீளவாக்கில் ஸ்டிரிங்கர், அதன்மேல் பலகை. இதையெல்லாம் தண்ணீர் மேல் கட்டுவதில்லை, இந்தக் கரையிலேயே உருளைகள் மேல் வைத்துக் கட்டுவது. முன்னாடி பலகை போடாத வெறும் கூடாக ஒரு மூக்கு. "மூக்குக்குக் கனம் கெடையாது, பின்னாடி கனம். அதனால தள்ளத் தள்ள மூக்கு முன்னாடி போகும், கவுராது. அந்தக் கரையில மூக்கு தட்டினதும் அங்க இருக்கிற ஆளுங்க அதைக் கழட்டிடுவாங்க. தண்ணியில ஒரு ஆளும் எறங்க வாணாம்."

"மூக்கு தொங்காதா பாட்டி?" என்றான் ஒருவன். இப்போது அவன் சிரிக்கவில்லை.

"தொங்கும். அதுக்குத்தான் மொதல்லயே கொஞ்சம் மேல பாக்க வெச்சிக் கட்டுவாங்க."

டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயர் இரண்டாம் உலகப் போரில் வடிவமைத்த பாலம் அது. ஒரு பேனல் 570 பவுண்டு, கிட்டத்தட்ட 260 கிலோ. பர்மா சண்டையில் காலேவாவில் சிண்ட்வின் ஆற்றின் மேல் 1,154 அடிக்கு மிதவைகள் மேல் இதைக் கட்டினார்கள். இமயமலையில் வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போன இடங்களில் இன்றைக்கும் ராணுவம் வந்து பூட்டுவது இதைத்தான். இவையெல்லாம் நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டவை. அத்தைக்குத் தெரிந்தது இன்லேண்டில் வந்தது. அறுபதுகளின் கடைசியில் எங்கோ ஒரு மலையடிவாரத்தில், பகல் முழுக்கப் பேனல் தூக்கித் தோள் வீங்கின ஒரு ஆள், ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் உட்கார்ந்து, படிக்கத் தெரியாத தன் பெண்டாட்டிக்கு இன்றைக்கு மூக்கு எவ்வளவு தூரம் போனது என்று வரைந்திருக்கிறார். மறுநாள் இன்னும் இரண்டு பேனல் கூட. வரிசையாகப் பார்த்தால் பாலம் வளர்கிறது. கடைசிப் படத்தில் ஒரு லாரி அதன்மேல் போகிறது. அத்தை குடிசை வாசலில் உட்கார்ந்து அந்தப் பாலத்தைத் தன் மனதில் கட்டி முடித்திருக்கிறார்.

மாமாவைப் பற்றி எனக்கு இருந்த எண்ணம் வேறு. பேசாத ஆள், சிடுசிடுப்பு, மகனைக் கட்டாயப்படுத்தி டிப்ளமோ படிக்கவைத்தவர், மாசத்தில் முதல் வாரம் கேண்டீன் ரம்மோடு கொஞ்சம் அதிகமாகவே இருப்பவர். அவரைப் புனிதர் ஆக்க எனக்கு விருப்பமில்லை, அத்தையும் ஆக்கமாட்டார். ஆனால் எங்கள் வீட்டுச் சமையலறையைப் பார்ப்பவர்கள் எல்லாரும் ஒன்றைக் கேட்பார்கள்: ஏன் மேடை இரண்டு உயரத்தில் இருக்கிறது? அத்தை நாலடி ஒன்பது அங்குலம். வீடு கட்டும்போது அவர் முழங்கையை அளந்து மேடை போட்டார் மாமா. நான் கல்யாணமாகி வந்து முதுகுவலி என்று ஒரு நாள் முனகியிருப்பேன். அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டு, "கையை மடக்கும்மா" என்று அளவு நாடாவை நீட்டினார். எனக்கும் ஒரு மேடை வந்தது. பேச்சு அவ்வளவுதான்.

பையன்கள் அத்தையோடு செல்பி எடுத்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் நின்றோம். ஒரு ரயில் போனது. கப்பல் வரவில்லை, இன்றைக்கு வராது என்று சுண்டல் விற்பவர் சொன்னார். கப்பல் கடக்கும் நாளைத் துறைமுக அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்வார்களாம். அத்தைக்குப் புதுப் பாலம் பிடித்ததா என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது மின்சாரத்துல தூக்கறது. அது ஆளு தூக்கறது" என்று முடித்துக்கொண்டார்.

நான்காம் நாள்: ராமேஸ்வரம்

அக்னி தீர்த்தத்தில் முழுக்கு. மகன் வராததால் தர்ப்பணம் இல்லை. ஒரு புரோகிதர் விடாமல் பின்னாலேயே வந்தார், அத்தை "வீட்டுலயே குடுத்தாச்சு சாமி" என்றதும் போய்விட்டார். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடுவது அத்தை முழங்காலுக்கு ஆகாது என்று நேராகத் தரிசனம். மூன்றாம் பிரகாரத்தில் அத்தை கொஞ்ச நேரம் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தூண் வரிசையை நோட்டம் பார்த்தார், மாமா சட்டம் இழைத்ததும் பார்ப்பது மாதிரியே. கோணல் இல்லை என்று தலையாட்டினார். ஆயிரத்து இருநூற்றுக்கு மேல் தூண். தேறிவிட்டன.

தனுஷ்கோடிக்குப் போகவில்லை. வெயில்.

மத்தியானம் அறையில் படுத்துக்கொண்டு ஊர் விஷயங்கள். நவம்பரில் பென்ஷனுக்கு வாழ்வுச் சான்று, இப்போதெல்லாம் ஸ்பர்ஷ் இணையதளத்திலேயே போட்டுவிடலாம் என்று ஆறாவது முறையாக விளக்கினேன். பிறகு பட்டறைச் சாமான். மாமாவிடம் வேலை பழகிய பையன் கடன் வாங்கித் தனியாகக் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு இழைப்புளி, உளிகள், கொட்டாப்புளி, வாய்ச்சி எல்லாம் கொடுத்துவிடலாம் என்று அத்தை முடிவு செய்திருக்கிறார். துருப்பிடித்து மூலையில் கிடப்பதற்கு அவன் கையில் தேயட்டும் என்றார். மகனுக்கு இதில் வருத்தம் இருக்கும் என்று சொன்னேன். "அவன் மஸ்கட்டுல இன்னா இழைக்கப் போறான்?" ரசமட்டம் மட்டும் யாருக்கும் கிடையாது, அது அவருடைய அலமாரியில் இருக்கும்.

நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்தேன், அத்தை எழுப்பினார்.

"ஏம்மா, அந்த ஆறு எங்க கீது? அவரு மண்ணு குத்துன ஆறு."

ஜம்முவுக்குக் கீழே, எல்லைப் பக்கம் என்றேன். ஆற்றின் அந்த இடத்துக்கு யாரும் போக முடியாது அத்தை, ஜம்மு வரைக்கும்தான் போகலாம்.

"ஜம்மு வரைக்கும் போனா போதும். மெட்ராஸ் போயி ஜி.டி. புடிக்கணுமா?"

ஜி.டி. எக்ஸ்பிரஸில் டில்லி போய் மாறுவது மாமா காலம். இப்போது ஜம்மு போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் காட்பாடியிலேயே நிற்கிறது, வாரத்தில் ஒரு நாள். இரண்டு நாளுக்கு மேல் ஆகும், கீழ்ப் படுக்கை கிடைக்க வேண்டும். தீபாவளிக்குப் பிறகு என்றால் அங்கே குளிர் ஆரம்பித்துவிடும் என்று பயமுறுத்திப் பார்த்தேன்.

"அவரு கம்பளி பொட்டியில கீது" என்றார். போனை எடுத்துத் தேதி பார்க்க ஆரம்பித்தேன்.